கொம்பு கீழே பார்த்த பிறை

எனக்குப் பிடிவாதம் கூட. இதை ஒளித்துப் பயனில்லை. என்னுடைய பிடிவாதத்தை ஒரு நாள் ஊரே ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டது.

சுனாமி வந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. நிவாரணமாக வந்த பெட்டிகளில் கம்பளிக் கோட்டுகள் இருந்தன (கல்முனை வெயிலுக்கு!). ஒரு பெட்டியில் தொலைநோக்கி ஒன்றும் இருந்தது. வேறு யாரும் கேட்காததால் அது விஞ்ஞானம் படிப்பிக்கும் சிவம் மாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தது. அவரும் நானும் இன்னும் இரண்டு பேரும் 'வானவியல் வட்டம்' என்று பெயர் வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நற்பிட்டிமுனை வயல் வரம்பில் கூடுவோம். கடற்கரையிலும் வானம் நன்றாகத் தெரியும்தான். ஆனால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாஸ்டரின் வீட்டைக் கடல்தான் கொண்டுபோனது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால்தான் எங்களுக்குச் சிரிப்பே வந்தது.

அந்த நாட்களில் எனக்குப் பரீதாவைக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய வாப்பா ஆதம்பாவா போடியார். நிறைய வயல், பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார் பதவி, அதிகம் கதைக்காத வாய். நானோ பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல், டியூஷன் வகுப்பு நடத்துகிறவன். போடியார் சொன்னதைத் தரகர் எங்கள் வீட்டில் வந்து அப்படியே ஒப்புவித்தார்.

"வானத்தப் பாத்துக்கிட்டுத் திரியிறவனுக்குப் புள்ளையையும் குடுத்து ஊடும் எழுதிக் குடுக்கவா எண்டு கேக்கிறார்."

உம்மா அழுதா. நான் அழவில்லை. வானம் பார்க்கிறவனின் பயன் என்ன என்பதைப் போடியாருக்குக் காட்டியே தீருவது என்று முடிவெடுத்தேன். ஹஜ் மாதத்துக்குப் பிறை பார்க்கிற நாளும் ஒரு சனிக்கிழமையாகவே வந்தது. (எனக்காகவே வந்தது என்று நினைத்தேன். இருக்கட்டும்.)

பொழுது பட்ட கையோடு வரம்பிலேயே மஃரிப் தொழுதுவிட்டு, மேற்கு வானத்தைத் தொலைநோக்கியால் துழாவத் தொடங்கினேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் மட்டும் நகம் போல மெல்லிசாக, வெள்ளை வெளேரென்று ஒரு பிறை.

"மாஸ்டர், கண்டுட்டன்."

"பொறுங்க தம்பி, நானும் ஒருக்காப் பாக்கிறன்" என்றார் அவர். பொறுக்கிற ஆளா நான்? சைக்கிளில் ஏறிவிட்டேன்.

பள்ளிவாசலில் மரைக்கார்மார் பிறைச் செய்திக்காகக் காத்திருந்தார்கள். நடுவில் போடியார். முன்னால் மேசையில் மைக். (அது போட்டபடியே இருந்தது என்பது எனக்குத் தெரியாது.) ஸலாம் சொல்லி, பிறை கண்டேன் என்றேன்.

போடியார் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கொம்பு எந்தப் பக்கம் பாத்திச்சு?"

எங்கள் பக்கத்தில் தலைப்பிறை தோணி மாதிரி, கொம்பு இரண்டும் மேலே பார்க்கத்தான் நிற்கும். எனக்கும் அது தெரியும். ஆனால் நான் கண்டது வேறு. கண்டதைத்தானே சொல்ல வேண்டும்.

"கீழ" என்றேன்.

"கீழயா?"

"ஓம், கீழ."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தம்பி."

"கீழதான். எண்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

மூன்று தரம் சொன்னேன், ஒவ்வொரு தரமும் சத்தத்தைக் கூட்டி. (அந்தத் தொலைநோக்கி எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும் என்று பத்தாம் வகுப்புக்குப் படம் கீறிப் படிப்பித்தவன் நான்தான். அதுவும் அந்தக் கிழமையே.)

போடியார் எழுந்து, தன் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரம்புக்கு வந்தார். மாமனாரோடு ஒரே சைக்கிளில் போகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. சிவம் மாஸ்டர் என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். போடியார் குனிந்து கண்ணாடிக்குள் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, குழாய் நீட்டிக்கொண்டிருந்த திசையை வெறுங்கண்ணால் பார்த்தார். அதற்குள் நன்றாக இருட்டியிருந்தது. அந்த இடத்தில் விளக்குக் கொளுத்தி வைத்தது போல ஒரு நட்சத்திரம் நின்றது.

"தம்பி, இது வெள்ளியெல்லோ. மாசக் கணக்கா எண்ட வயலுக்கு மேலதான் நிக்கிது."

"கண்ணாடிக்குள்ள பாத்தா வெள்ளியும் சில காலத்தில பிறை மாதிரித் தெரியும்" என்றார் மாஸ்டர் மெதுவாக. "இவருக்கும் அது தெரியும்." (அந்தக் கடைசி வசனம் தேவையே இல்லை.)

திரும்பி வரும்போது தேநீர்க்கடைக்குள் இருந்து ஒரு குரல் கேட்டது. "கொம்பு கீழயாம்." கடையே சிரித்தது. அப்போதுதான் மைக் விசயம் எனக்கு விளங்கியது. பரீதாவின் வீடும் அந்த ஒலிபெருக்கிக்கு எட்டிய தூரம்தான். கலியாணம் கைவிட்டுப் போய்விட்டது என்று அன்று நான் சோறு தின்னவில்லை.

ஆனாலும் அடுத்த நாள் பின்னேரம் அதே வரம்புக்குப் போனேன். பிறையைக் காணாமல் வீடு திரும்புவதில்லை என்ற பிடிவாதம். கண்டேன். வெள்ளிக்குக் கிட்டவே, கொம்பு இரண்டும் மேலே பார்க்க, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஊரில் சின்னப்பிள்ளைகள் கூடக் கண்டார்கள். என்னுடைய சாட்சி ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். போடியார் சொன்னதை இந்த முறையும் அப்படியே ஒப்புவித்தார்.

"பிறைக்குக் கொம்பு மேல எண்டு எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்ல வந்தவனெண்டா மேல எண்டுதான் சொல்லியிருப்பான். இவன் கண்டதச் சொன்னான். புத்தி கொஞ்சம் கொறவுதான், ஆனா புள்ளைய நம்பிக் குடுக்கலாம். நாளப் பாருங்க எண்டு சொன்னார்."

உம்மா சிரித்தா. இந்த முறை நான்தான் அழுதேன்.

யுத்தம் முடிந்த வருசம் மூத்தவள் பிறந்தாள். இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பேர். பிறை பார்த்துவிட்டு நான் வீட்டுக்குள் கால் வைத்ததும், பரீதா குசினியில் இருந்தே கேட்பாள்: "கொம்பு எந்தப் பக்கம்?" நான் "கீழ" என்று சொன்னால்தான் சோறு. அதையும் மூன்று தரம் சொல்ல வேண்டும், ஒவ்வொரு தரமும் சத்தத்தைக் கூட்டி.