வெசம் நைனாவும் இளஞ்சோளமும்

பூமியில் முளைத்த பச்சை அத்தனையின் மேலும் சந்தேகப்பட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, காலடிப்பேட்டை வெசம் நைனாதான். பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, யாருக்கும் தெரியாது. பால் வியாபாரம். கொட்டகையில் நாலைந்து எருமைகள். அவற்றின் வாய்க்குப் போகிற ஒவ்வோர் இலையிலும் கொட்டையிலும் விஷம் உண்டு என்பது நைனாவின் கட்சி. இல்லையென்றால் அதை நிரூபிக்க வேண்டியது இலையின் பொறுப்பு.

நான் அப்போது ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நைனாவின் கொட்டகைக்கு நேர் எதிரே, ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில் குடியிருந்தேன். காலையில் என்னை எழுப்புவது கோழியல்ல. நைனா யாருடனாவது போடும் சண்டை.

பெரும்பாலும் தீவனக்கடை அண்ணாச்சிதான் அகப்படுவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி. நைனா புண்ணாக்கு வாங்குவதற்கு முன் தானே ஒரு துண்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்.

“இன்னா அண்ணாச்சி, ஆமணக்கு கலந்துகீதா? நாக்கு கரகரங்குது.”

“சுத்தக் கடலைப் புண்ணாக்கு வேய். ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்குப் போடுத எருல்லா? அதைத் தனியா பின்கட்டுல வச்சிருக்கேன்.”

“பின்கட்டுல கீதுல்ல? எலி இங்க இஸ்துகினு வந்திருந்தா?”

எலியின் சார்பில் அண்ணாச்சி என்ன உத்தரவாதம் கொடுக்க முடியும்? ஒருநாள், இரண்டுக்கும் ருசி பேதம் தெரிய வேண்டுமென்று நைனா பின்கட்டுக்கே போய் ஆமணக்குப் புண்ணாக்கையும் கடித்துவிட்டார். மறுநாள் அவர் சம்சாரம்தான் பால் கொண்டுவந்தார். “நைனா எங்கேம்மா?” என்று கேட்டதற்கு, கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார்.

அரளி என்றால் நைனாவுக்குப் பரம்பரைப் பகை. பிண ஊர்வலத்தில் இறைக்கிற பூவில் அரளி இருந்து, அதை எருமை தின்றுவிட்டால்? ஆகவே பறைச் சத்தம் கேட்டதும் கூடையோடு ஓடுவார். இறந்தவர் யாரென்றே தெரியாது. குனிந்த தலை நிமிராமல் பூப் பொறுக்கிக்கொண்டே சுடுகாடு வரை போய்விடுவார். துக்க வீட்டார், இவ்வளவு உருகுகிறவர் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். நைனாவும் மரியாதைக்குக் கொஞ்சம் அழுதுவிட்டு வருவார்.

எங்கள் ஸ்டுடியோ வாசலில் ஓர் அரளிச்செடி இருந்தது. ஸ்டுடியோவை நடத்திய போட்டோ முதலியார் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தார். ஒரு விடியற்காலையில் நைனா அதை வேரோடு பிடுங்கிவிட்டார்.

“யோவ், உன் எருமை என் வாசலுக்கு எதுக்குய்யா வருது?”

“அதுக்கு வாசப்படி தெர்யுமா? நீ எதுக்குய்யா வாசல்ல வெசத்த வளக்கற?”

அன்றோடு பேச்சு நின்றது. பால் மட்டும் நிற்கவில்லை. நைனா செம்பில் ஊற்றிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போவார். முதலியார் சுவரைப் பார்த்தபடி செம்பை எடுத்துக்கொள்வார்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. வைக்கோலுக்கு ஊரெல்லாம் அலைச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா மணலிப் பக்கம் போய், முழங்கால் உயரம்கூட வளராமல் வாடி நின்ற இளஞ்சோளத்தை ஒரு பெரிய கட்டாக அறுத்துவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“நானே துன்னு பாத்தேன் சாரு. கல்கண்டு மாரி கீது. வெசமே இல்லாத ஒண்ண இன்னிக்குத்தான் பாத்தேன்!”

கட்டை அப்படியே மகராணியின் முன்னால் போட்டார். மகராணி அவருடைய மூத்த எருமை. பட்டத்து ராணியும் அவள்தான். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மகராணி வாயில் நுரை தள்ள, மூச்சு வாங்கிக்கொண்டு, கால் பின்னிச் சாய்ந்துகொண்டிருந்தாள்.

பக்கத்துத் தெருவில் குடியிருந்த மாட்டு டாக்டரை இழுத்துவந்தேன். கட்டிய லுங்கியோடு வந்தவர் சோளக்கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“வாடின இளஞ்சோளம் விஷமய்யா! வயித்துக்குள்ள போனா சயனைடு!”

“நான் துன்னேனே சார்!”

“நீ ரெண்டு குருத்து தின்னிருப்பே. இது அரைக் கட்டு தின்னிருக்கு. அதை முறிக்க ஹைப்போ உப்பு வேணும், உடனே. ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்துவர நேரமில்லை. போட்டோ கழுவுறவங்ககிட்ட இருக்கும்.”

எல்லோரும் எதிர்வீட்டைப் பார்த்தோம். நைனா ஒரு கணம் நின்றார். பிறகு தெருவைத் தாண்டி ஓடி, ஸ்டுடியோவின் இருட்டறைக் கதவை இரண்டு கையாலும் குத்தினார்.

“தொறக்காதே! கல்யாண போட்டோ பிளேட்டெல்லாம் கழுவிக்கினு கீறேன். வெளிச்சம் பட்டா அத்தினியும் பூடும்!” என்று உள்ளேயிருந்து முதலியார் கத்தினார்.

“முதலியாரே, மகராணி வெசம் துன்னுட்டா! ஹைப்போ வோணுமாம்!” என்று நைனா மறுபடியும் குத்தினார்.

கதவு படாரென்று திறந்தது. வெளிச்சம் உள்ளே பாய, பிளேட்டில் இருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் சம்பந்திகளும் ஒரே நொடியில் கறுத்துப் போனார்கள். முதலியார் ஹைப்போ டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு நைனாவுக்கு முன்னால் ஓடினார்.

டாக்டர் அதைத் தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயால் மகராணிக்குப் புகட்டினார். நைனா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “எழுந்துரு கண்ணு, எழுந்துரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலியார் விசிறிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிற நேரத்துக்கு மகராணி தள்ளாடி எழுந்து நின்று, முதலியாரின் புதுச் சட்டையில் மூக்கைத் துடைத்தாள்.

கல்யாண கோஷ்டி மறுபடி அலங்காரம் பண்ணிக்கொண்டு வந்தது. முதல் தடவை அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்த பெண், எருமைக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். படம் பிரமாதமாக விழுந்தது.

ஆனால் நைனா ஒடுங்கிவிட்டார். தன் நாக்கே தன்னை ஏமாற்றிவிட்டதே என்ற துக்கம். புண்ணாக்கைக் கடிக்காமலே வாங்கிப் போனார். தெரு நிசப்தமானது, நான் ஆபீசுக்குத் தாமதமாகப் போக ஆரம்பித்தேன். கடைசியில் அண்ணாச்சியாலேயே பொறுக்க முடியவில்லை. தானே ஒரு துண்டைக் கடித்து முகத்தைச் சுளித்தார்.

“வேய் நைனா, லேசா கசக்குத மாதிரி இல்ல?”

நைனாவின் கண் பளிச்சிட்டது. பிடுங்கிக் கடித்தார். “கசக்குதா? நான் அப்பவே நெனச்சேன்யா! இன்னாய்யா கலந்த?”

அரைமணி நேரம் அண்ணாச்சி திட்டு வாங்கினார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கியவரை நான் கண்டதில்லை.

பிறகு எனக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தது. ரிக்‌ஷாவில் ஏறப்போனேன், நைனா வந்து வழிமறித்தார். எருமைக்குப் பார்ப்பதுபோல என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். முதுகில் பலமாக ஒரு தட்டு தட்டி, “ஒடம்பு நல்லா கீது சாரு. பத்திரமா போய்ட்டு வா” என்றார்.

தூத்துக்குடி போய்ச் சேரும் வரை அந்தக் கை என் முதுகிலேயே இருந்தது.