காற்றுக்கு வழி சொன்ன ஊதுவத்தி மேடம்

சேலையூரில் யாருக்காவது சிலை வைப்பதென்றால் எங்கள் ஊதுவத்தி மேடத்துக்குத்தான் வைக்க வேண்டும். ஒரே சிக்கல், திறப்பு விழாவுக்கு அவரே வந்து நின்று, "இது மேற்குப் பார்த்து இருக்கே, மத்தியானம் கொதிக்குமே, திருப்பி வைங்க" என்பார். திருப்பி வைக்கும்வரை ரிப்பனை வெட்ட விடமாட்டார்.

நாங்கள் அப்போது குடியிருந்தது கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வரவேண்டிய ஒரு பழைய இரண்டு மாடிக் குடியிருப்பு. எட்டு வீடுகள், ஒரு வேப்பமரம், மாதம் ஒருமுறை உயிரைவிடும் ஒரு மோட்டார். அந்தக் கட்டடம் இன்று இல்லை. ஆனால் அங்கே பால் காய்ச்சிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெளுத்த பருத்திச் சேலையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக ஒரு அம்மாள், கையில் எரிகிற ஊதுவத்தியோடு வாசலில் வந்து நின்றார். என் மனைவி சுமதி உருகிப்போய்விட்டாள்.

"வாங்க வாங்க, சாமி அலமாரி இந்தப் பக்கம்" என்று வழி காட்டினாள்.

வந்தவர் சாமி அலமாரியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படுக்கையறைக்குள் போனார். ஊதுவத்தியை ஜன்னலருகே நீட்டிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். அடுத்து பாத்ரூம் கதவைத் திறந்து அங்கேயும் காட்டினார். சுமதியின் முகம் மாறிவிட்டது.

"காத்து உள்ள வருது. வெளிய போக வழியில்லாம முட்டிக்கிட்டு நிக்குது, பாவம்" என்றார். "அந்த பீரோவை யார் அங்க வெச்சது?"

நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

"எடுங்க."

எடுத்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறிய ஜன்னல் திறந்ததும், வீட்டுக்குள் யாரோ மூச்சுவிட்டது போல இருந்தது. அந்தக் கோடையில் இடுப்பு வலியோடு நான் தூங்கிய தூக்கத்தை, வலியில்லாத நாட்களில்கூடத் தூங்கியதில்லை.

மேடம் அரசாங்கக் கட்டடங்களுக்கு பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர். "டிராஃப்ட்ஸ்மேன்னுதான் ஆர்டர்ல போட்டிருந்தாங்க. அதை வுமன்னு மாத்தறதுக்குள்ள ரிட்டயர் ஆயிட்டேன்" என்பார். தனியாக இருந்தார். கைப்பையில் பைபிளும் திசைகாட்டியும் சேர்ந்தே இருக்கும். உண்மையான பெயர் மின்சார மீட்டர் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் அந்தப் பெயரில் அவரைத் தேடி வந்த கூரியர்காரர்களை, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ஊதுவத்தி விஷயம் அவருடைய சர்ச்சு வரை போய்விட்டது. ஒருநாள் பாஸ்டரே தேடி வந்தார்.

"அம்மா, சபையில ஒரு பேச்சு அடிபடுது. நீங்க வீடு வீடாப் போய் ஊதுவத்தி ஏத்திக் காட்டறீங்களாமே?"

"ஆமா பாஸ்டர். உங்க வீட்டுக்கு இன்னும் வரலைன்னு கோபமா?"

அன்று சாயங்காலமே பாஸ்டர் வீட்டில் புகை பார்த்தாயிற்று. அடுத்த ஞாயிறு, வருஷக்கணக்காக மூடிக் கிடந்த சர்ச்சின் தெற்கு ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. அதற்குப் பிறகு பிரசங்கத்தின்போது தூங்குகிறவர்கள் கூடிவிட்டதாகக் கேள்வி.

ஏ.சி. என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. "நம்ம வீட்டுச் சூட்டை எதிர்வீட்டுக்காரன் மூஞ்சில தள்ளிவிடறதுக்கு கரன்ட் பில்லு வேற" என்பார். அதற்குப் பதிலாக அவர் வைத்திருந்த யோசனைகளுக்கு நாங்கள் எட்டுக் குடும்பமும் சோதனை எலிகள். மொட்டை மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். மேல் வீடுகளில் சூடு குறைந்தது உண்மை. ஆனால் அந்த வெள்ளைப் பளபளப்பில் வடகம் காயப்போடப் போனவர்கள் கண் கூசி, வடகத்தை மிதித்துவிட்டு இறங்கி வந்தார்கள். எங்கள் சங்கத்துச் செயலாளர் வைத்தி சார் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டுதான் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போவார். தலைக்குமேல் பறக்கிற விமானம் எதுவும் இதை ரன்வே என்று நினைத்துவிடக் கூடாதே என்பது அவருடைய இன்னொரு கவலை.

அடுத்தது குளியல் தண்ணீர். அதைச் சாக்கடைக்கு விடாமல், கல்வாழை நட்ட ஒரு ஜல்லிப் பாத்தி வழியாக வடியவிட்டு வாழை மரங்களுக்குத் திருப்ப வேண்டும் என்றார். குழாய் வேலைக்கு வந்த ஏகாம்பரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா மேடம், சோப்புத் தண்ணிய வாயைக்கு வுடச் சொல்றீங்கோ. நாளைக்கு பயத்த உரிச்சா நுரை வந்துகினு இருக்கும், பேஜாராப் பூடும்."

"கல்வாழை வேர் எல்லாத்தையும் வடிகட்டிடும். நீ குழாயைப் போடு."

"நம்ளுக்கின்னா, போடறேன். ஆனா அந்தப் பயம் எனக்கு வேணாம், சொல்லிட்டேன்."

வாழை, பொறாமைப்படும்படி குலை தள்ளியது. யாரும் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு மேடம் எல்லா வீட்டுக்கும் கேக் கொடுத்தார். வைத்தி சார் தன் பங்கைச் சாப்பிட்டு, முட்டை இல்லை என்று மறுபடி உறுதி செய்துகொண்டு, என் பங்கிலும் பாதியைச் சாப்பிட்டார். "ரொம்ப ஜோரா இருக்கு மேடம், என்ன போட்டீங்க?" என்றார்.

"நம்ம வாழைப்பழம்தான் சார். எட்டு வீட்டுக் குளியலும் அதுல இருக்கு."

வைத்தி சார் கொப்பளித்த சத்தம் மூன்றாவது தெருவில் கேட்டது. மறுவாரம் ஒரு சீப்பு கேட்டு ஆள் அனுப்பியவரும் அவர்தான்.

எல்லாமே ஜெயித்தது என்று சொல்லமாட்டேன். மாடிப்படி உச்சியில் சுவரை உடைத்துத் துவாரம் வைத்தால், சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடும், கட்டடம் முழுக்கக் குளிர்ச்சி என்று ஒருமுறை சொன்னார். வைத்தோம். சூடான காற்றும் ஏறியது. கூடவே, கீழ்வீட்டு லூர்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வறுக்கிற வஞ்சிர மீனின் வாசனை இரண்டாவது மாடி வைத்தி சார் பூஜையறைக்குள் தவறாமல் போய்ச் சேர்ந்தது. பஞ்சாயத்து கூடியது. மேடம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"தியரி சரி. மீன்தான் தப்பு."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அவரோடு பேசாமல் இருந்த காலமும் ஒன்று வந்தது.

கட்டடத்துக்கு வயதாகிவிட்டது. தூண்களில் கம்பி தெரிந்தது. ஒரு மழைக்காலத்தில் எங்கள் கூரையிலிருந்து ஒரு காரைப் பாளம் பெயர்ந்தது. என் மகள் படிக்கிற மேஜையின் மேல் விழுந்தது; அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தாள். அன்று முதல் சுமதி அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை என்று எல்லோரும் முடிவு செய்தோம். ஒரு பில்டர் வந்தார். ஐந்து மாடி கட்டி, பழைய சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு புது வீடு தருவதாகச் சொன்னார். படம் காட்டினார். மேற்கே ரோட்டைப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. துபாய் மாதிரி இருந்தது. வேப்பமரம் இருந்த இடத்தில் கார் ஏறும் சாய்தளம்.

ஒப்பந்தம் பேச மேடவாக்கத்தில் அவருடைய அலுவலகத்துக்குப் போனோம். குளிரக் குளிர ஏ.சி., ஆளுக்கொரு ஜூஸ். எல்லோரும் பேனாவை எடுத்தபோது மேடம், "ஒரு சின்ன வேண்டுகோள். அந்த ஏ.சி.யைக் கொஞ்சம் அணைங்க" என்றார்.

வயதானவர், குளிர்கிறது போலும் என்று அணைத்தார்கள். மேற்கு வெயில் கண்ணாடிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. வைத்தி சார் முதலில் கைக்குட்டையை எடுத்தார். பிறகு லூர்து அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். பில்டரின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது.

"ஜன்னலைத் திறக்கலாமே" என்றார் மேடம்.

"இது திறக்காது மேடம். ஃபிக்ஸட் கிளாஸ்."

"இதான் நாம வாங்கப்போற ஹால். மே மாசம், கரன்ட் போன நேரம்."

"ஜெனரேட்டர் குடுக்கறோம் மேடம்!"

"லிஃப்டுக்கும் மோட்டாருக்கும். ஏ.சி.க்கு உண்டா?"

பில்டர் ஏ.சி. ரிமோட்டைத் தேடினார். மேடம் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டார். ஒருவர் போடாவிட்டாலும் வேலை நடக்காது. வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று பில்டர் மிரட்ட ஆரம்பித்தார்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "நம்ம தலையில கூரை விழற வரைக்கும் அவங்களுக்குக் காத்து வரணுமாம்" என்றாள் சுமதி. வைத்தி சார் மேடத்தைப் பார்த்தால் மாடிப்படியில் திரும்பிக்கொண்டார். பேசிப் பார்க்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். போனேன். ஹாலில் பெரிய வரைபலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் பொண்ணு தலைக்கு வந்தது மேடம்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "தெரியும் சார். அன்னிக்கு ராத்திரி நானும் தூங்கலை." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சர்வீஸ்ல ஒரு பள்ளிக்கூடம் வரைஞ்சேன். மேற்கே இவ்வளவு ஜன்னல் வேண்டாம்னு சொன்னேன். 'வரையறதுதான் உங்க வேலை'ன்னாங்க. பின்னாடி ஒரு நாள் அந்தப் பக்கம் போனப்போ பார்க்கறேன், பிள்ளைங்க எல்லாம் வகுப்பை விட்டுட்டு வராந்தாவுல, தரையில உக்காந்து படிக்குதுங்க. உள்ள இருக்க முடியலை. வாழ்க்கை பூரா மத்தவங்க சொன்ன இடத்துல ஜன்னல் வரைஞ்சேன். நான் குடியிருக்கப்போற கட்டடத்துக்காவது ஒருதரம் என் இஷ்டத்துக்கு வரையக் கூடாதா?"

பலகையில் இருந்தது எங்கள் புதுக் கட்டடம்.

அந்த வரைபடத்தை நானே பில்டர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அவரிடம் காட்டத் துணிவில்லாமல், அங்கே வேலை பார்த்த ஆர்க்கிடெக்ட் பெண்ணிடம் நீட்டினேன். காட்டாங்குளத்தூரில் படித்து முடித்து வந்த பெண். பார்த்ததும், "சார், நான் முதல்ல போட்ட பிளானும் கிட்டத்தட்ட இதேதான். கண்ணாடி வேணும்னு எங்க சார்தான் மாத்தச் சொன்னாரு" என்றாள். அன்று மாலையே மேடம் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் தரையில் காகிதத்தைப் பரப்பிக்கொண்டு சண்டை போட்டார்கள். மேடம் போட்ட சில தூண்கள் இன்றைய விதிக்கு ஒத்துவராது என்று அந்தப் பெண் அடித்துச் சொன்னாள். மேடம் முணுமுணுத்துக்கொண்டே அழித்தார்.

முடிவில் லிஃப்ட், மாடிப்படி, பாத்ரூம் எல்லாம் மேற்குப் பக்கம் போய் வெயிலைத் தாங்கிக்கொண்டன. படுக்கையறைகள் தெற்கும் கிழக்கும் பார்த்தன. நடுவே காற்று ஏறிப்போக ஒரு திறந்தவெளி. சமையலறைகள் அதற்கு எதிர்த்திசையில், மீனை முன்னிட்டு. ஜன்னலுக்கெல்லாம் அகலமான சன்ஷேடு. பழைய தேக்குக் கதவுகளும் கிரில்களும் புது வீட்டுக்கே திரும்பும். இடித்த செங்கல் அடியில் நிரப்பப் போகும். சாய்தளம் வளைந்து போக, வேப்பமரம் நிற்கும். கண்ணாடிக்கு ஆகிற செலவு மிச்சம் என்று கணக்கு பார்த்ததும் பில்டர் முகம் மலர்ந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். தனக்குரிய வீடுகளுக்கு 'பசுமைக் குடியிருப்பு' என்று விளம்பரம் போட்டு பில்டர் விலையை ஏற்றிக்கொண்டது தனிக்கதை.

என்ன வரைந்தும் ஒரு மூலையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. ஒவ்வொரு மாடியிலும் தென்மேற்கு வீட்டின் ஹாலில் சாயங்கால வெயில் விழுந்தே தீரும். எங்களில் யாராவது ஒருவருக்கு அதில் ஒன்று போக வேண்டும். யாருக்கு எந்த வீடு என்று குலுக்கிப் போட வைத்தி சார் ஒரு எவர்சில்வர் குடத்தோடு வந்தார்.

"குலுக்கல் எதுக்கு? அந்த மூலை வீடு எனக்கு" என்றார் மேடம்.

வைத்தி சார் என் காதருகே குனிந்து, "இதுல ஏதோ சூட்சுமம் இருக்கு சார். நிஜமான காத்து அங்கதான் வரும் போலிருக்கு. நாம கேட்டுடலாமா?" என்றார்.

"மேடம், நீங்களா?" என்றாள் சுமதி. அதுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவள். "இந்தக் காத்துக்குத்தானே எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கினீங்க?"

"அந்த வீட்டுல எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும்மா. உங்கள்ல யார் போனாலும் மறுநாளே ஏ.சி. வாங்கி மாட்டிடுவீங்க" என்றார் மேடம், எரிச்சலோடு. "சீக்கிரம் குலுக்குங்க சார், எனக்கு வேலை இருக்கு."

எங்களுக்குத் தென்கிழக்கு வீடு விழுந்தது.

புது வீட்டுக்கு வந்து இப்போது சில கோடைகள் ஆகிவிட்டன. மேடம் தன் பால்கனியில் சங்குப்பூக் கொடியைப் படரவிட்டு, வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்து, இங்கே ஒன்றும் சூடே இல்லை என்று எல்லோரிடமும் சாதிக்கிறார். ஆனால் மே மாதத்தில், கடல்காற்று தாம்பரம் வந்து சேர்கிற நேரத்துக்குச் சரியாக எங்கள் வீட்டு மணி அடிக்கும். "உங்க ஜன்னல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க வந்தேன்" என்பார். சுமதி காபி கலக்கப் போவாள். அவள் திரும்பி வருவதற்குள், தெற்கு ஜன்னலோரத்து நாற்காலியில் மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போயிருப்பார்.

சுமதி காபியை மூடி வைப்பாள். நான் டி.வி.யை அணைத்துவிட்டு, திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கிவிடுவேன்.