அலுமினியமா, ஸ்டீலா, வளைகாப்பா?

பெண் பார்க்கப் போன இடத்தில், தட்டிலிருந்த பஜ்ஜியைத் தின்று முடிப்பதற்குள் மேகலாவைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்தவன் நான். அதே நான், என் காருக்கு ஒரு குழாயை அலுமினியத்தில் போடுவதா ஸ்டீலில் போடுவதா என்று முடிவெடுக்க ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன். (இரண்டில் எதைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம் என்று மேகலா கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.)

என்னுடையது பழைய டீசல் கார். வேறொருவர் ஓட்டி அலுத்துப் போய் விற்றது. ஆனால் அதில் டர்போ இருந்தது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் சாதனம் அது. அமுங்கிய காற்று கொதிக்கும் என்பதால் அதை ஆறவைக்க முன்பக்கம் இன்டர்கூலர் என்று ஒன்று இருக்கும். இரண்டையும் இணைக்கும் கம்பெனிக் குழாய் விரிசல் விட்டுவிட்டது. சாதாரண மனிதன் அதே போல் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பான். நான் இரவு பகலாக வீடியோ பார்த்து வளர்ந்தவன். உலோகக் குழாய்தான் வேண்டும் என்று நின்றேன்.

அலுமினியம் எடை குறைவு, துருப் பிடிக்காது, சீக்கிரம் சூடு ஆறும். ஸ்டீல் கனம், ஆனால் அடிபட்டாலும் தாங்கும், விரிசல் விட்டால் தெருமுனை வெல்டிங் கடையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். இந்த இரண்டு வாக்கியங்களை நான் ஆபீசில், லிஃப்டில், திருவேற்காடு ஷேர் வேனில், யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மைத்துனன் தீனா ஸ்டீல் கட்சி. "ஸ்டீல் போட்டுட்டு மறந்துடுங்க மாமா" என்பான். மறப்பதற்காகவா ஒருவன் குழாய் போடுகிறான்?

பூந்தமல்லியில் குழாய் வளைத்துத் தரும் கரீம் பாய் என்னைப் பார்த்தாலே கடையின் பின்பக்கம் நகர ஆரம்பித்தார். "எதுனா ஒண்ணு சொல்லு சார். ரெண்டுல எது போட்டாலும் உன் வண்டி பறக்கப் போறதில்ல" என்றார். கடைசியில் சாமி அலமாரி முன் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ அலுமினியம், சிவப்புப் பூ ஸ்டீல். மேகலாவை எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. பொட்டலம் சரியாகக் கலக்கவில்லை என்று மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் சிவப்பு. வெள்ளை வரும்வரை எடுக்க வைத்துவிட்டு, சாமியே சொல்லிவிட்டது என்று பாயிடம் அலுமினியத்துக்குச் சொன்னேன்.

அப்போது மேகலாவுக்கு ஏழாம் மாதம். திருவேற்காட்டில் எங்கள் ஃபிளாட்டில் வளைகாப்பு முடிந்ததும், அவளை நெமிலிச்சேரியில் இருக்கும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மாமனார் சொந்தக்காரர்களுக்காக வேன் பேசியிருந்தார், மகளும் அதிலேயே வரட்டும் என்றார். என் மனைவி என் வண்டியில்தான் வருவாள் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். மேகலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வழியில நின்னுச்சுன்னா மறுநாளே வண்டிய வித்துடணும். சரியா?" மாமனார் சாட்சி. சரி என்று தலையாட்டினேன். அந்தக் காரை விற்பதற்குப் பதில் ஃபிளாட்டையே விற்றுவிடுவேன் நான். ஆனாலும் ஆட்டினேன்.

நான் யோசித்த லட்சணத்தில் குழாய் கைக்கு வந்ததே வளைகாப்புக்கு முதல்நாள். பாய் மாட்டித் தருகிறேன் என்றார். இவ்வளவு வீடியோ பார்த்தவனுக்கு மாட்டத் தெரியாதா என்று வாங்கி வந்துவிட்டேன். விளைவு, மாடியில் விழா நடக்கும்போது நான் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிங்கில் மல்லாந்து கிடந்தேன். அலுமினியக் குழாயின் முனைமேல் ரப்பர் ஹோஸை ஏற்றி, கிளாம்ப் வளையம் போட்டு இறுக்க வேண்டும். ஹோஸ் ஏறவே இல்லை.

"மாப்பிள்ளை வந்து சந்தனம் பூசணுமாம்!" என்று மேலே இருந்து குரல் வந்தது. ஓடினேன். நான் பூசிய சந்தனத்தோடு கொஞ்சம் கிரீஸும் மேகலாவின் கன்னத்தில் ஏறியது. (ஆல்பத்தில் பார்க்கலாம். திருஷ்டிப் பொட்டு என்று சொல்லிச் சமாளித்திருக்கிறோம்.) அப்போதுதான் அதைக் கவனித்தேன். மேகலாவின் கை வீங்கியிருந்ததால் வளையல் ஏறவில்லை. வளையல்காரம்மா கிண்ணத்திலிருந்த தேங்காய் எண்ணெயை மணிக்கட்டில் தடவினார். கண்ணாடி வளையல்கள் சரசரவென்று ஏறின. எனக்குள் விளக்கு எரிந்தது. எல்லாரும் ஆரத்திப் பக்கம் திரும்பிய சமயம் பார்த்துக் கிண்ணத்தோடு கீழே இறங்கிவிட்டேன்.

ஹோஸ் அற்புதமாக ஏறியது. சுலபமாக ஏறுவது சுலபமாக இறங்கவும் செய்யும் என்பது, இரண்டு உலோகங்களின் குணநலன்களை மனப்பாடமாகச் சொல்லும் என் மூளைக்கு எட்டவில்லை.

சாப்பாடு முடிந்து, ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பினோம். முன்னால் என் பக்கத்தில் தீனா. பின்னால் தலையில் வேப்பிலை செருகிய மேகலாவும் அவள் அம்மாவான என் அத்தையும். அதற்கும் பின்னால் மாமனார் தலைமையில் வேன். மேகலாவுக்காக மெதுவாகத்தான் ஓட்டினேன். வெளிவட்டச் சாலை வந்ததும், "இன்னா மாமா, அலுமினியம் போட்டும் மாட்டு வண்டி மாதிரி போவுது?" என்றான் தீனா. அவன் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் அதைக் கேட்டிருக்கவும் கூடாது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

டமார்!

வண்டி பெருமூச்சு விட்டுத் துவண்டது. பின்னால் கரும்புகை கிளம்பி வேனையே மறைத்தது. ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்தேன். மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக் குனிந்திருந்தாள். அந்த நொடி எனக்கு அலுமினியமும் தெரியவில்லை, ஸ்டீலும் தெரியவில்லை. "மேகலா, வலிக்குதா?" என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். "வலி இல்லீங்க. உள்ள இருக்கறது முழிச்சுகிச்சு. நல்லா உதைக்குது" என்றாள். ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு அப்பாடா நான் சொன்னதில்லை.

அதற்குள் வேனிலிருந்த அத்தனை பெண்களும் இறங்கி ஓடி வந்தார்கள். தீனா பானெட்டைத் திறந்தான். குழாய் ஹோஸிலிருந்து கழன்று தனியாகத் தொங்கியது. தீனா மூக்கைச் சுளித்தான்.

"இன்னா மாமா, உள்ள யாருனா அவியல் வெச்சுகினு கீறாங்களா?"

அத்தை இறங்கி வந்து குனிந்து முகர்ந்தார். "அய்ய, இது வளையலுக்கு வெச்ச எண்ணெயாச்சே! கிண்ணம் எங்க போச்சுன்னு ஊடெல்லாம் தேடிகினு இருந்தேன்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடந்து போகும் லாரியைப் பார்த்தேன்.

"நான் அப்பவே ஸ்டீல்னு சொன்னேன்" என்று தீனா ஆரம்பித்தான். "தங்கத்துல போட்டாலும் எண்ணெய் தடவுனா வழுக்கத்தான்டா செய்யும்" என்று மாமனார் அவனை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வண்டி நின்னுடுச்சு மாப்ள. பேச்சு பேச்சுதான்."

பின் சீட்டிலிருந்து மேகலாவின் குரல் வந்தது. "எங்க நின்னுச்சுப்பா? எஞ்சின் ஓடிகினுதான கீது? இவுருதான் பயந்துபோய் நிறுத்திட்டாரு." சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வளையல்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். மாமனார் காதை வைத்து எஞ்சினைக் கேட்டார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. கார் தப்பியது. எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

எஞ்சினை அணைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆகாத அத்தை, குழாய் ஆறியதும் தாம்பாளத்திலிருந்த விபூதியை அள்ளி, பாத்திரம் தேய்க்கிற மாதிரி குழாயைத் தேய்த்தார். (என் முகமாக நினைத்துத்தான் தேய்த்தார் என்று இன்றும் நம்புகிறேன்.) சீர்த்தட்டிலிருந்த பழம் நறுக்கும் கத்தியால் தீனா கிளாம்பை இறுக்கினான். அப்புறம் எல்லா ஆட்டோக்களையும் முன்னே போகவிட்டு, ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெமிலிச்சேரி போய்ச் சேர்ந்தோம். அடுத்த இரண்டு மாதத்தில் மகள் சுகமாகப் பிறந்தாள்.

போன மாதம் தீனாவின் மனைவிக்கு வளைகாப்பு. என்னை நம்பாமல் வாடகைக் கார் வைத்திருந்தார்கள். ஆரத்தி சுற்றி, பூசணிக்காய் உடைத்து, எல்லாம் முடிந்த பிறகும் அத்தை மருமகளை ஏற விடவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். டிரைவர் ஒன்றும் புரியாமல் திறந்தார். அத்தை குனிந்து, எஞ்சினை ஆழமாக முகர்ந்து பார்த்து, "ம், கெளம்பலாம்" என்றார். சுற்றி நின்ற பெண்கள் உடனே குலவையிட்டார்கள்.

டிரைவர் மெல்ல என்னிடம் வந்தார். "இன்னா சார் இது?"

"எங்க குடும்ப வழக்கம்ணா" என்றேன். "பரம்பரை பரம்பரையா."