ஓலா பாயும் என் வயிற்றெரிச்சலும்

ஸ்பானிஷ் மொழியை எங்கள் ஓலா பாயைப் போலக் கொன்றவனும் இல்லை, கொன்றுவிட்டு அவனைப் போலக் கைதட்டு வாங்கியவனும் இல்லை. 'ஓலா' என்றதும் டாக்சி ஓட்டுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பானிஷில் 'ஓலா' என்றால் வணக்கம். பல் விளக்கிக்கொண்டே, குளியலறை வாசலில், பிரின்சிபால் எதிரே, கண்டக்டரிடம் சில்லறை கேட்கும்போது, எங்கும் 'ஓலா!' என்று கையைத் தூக்குவான். முதலமடையில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் ராவுத்தர் வீட்டுப் பையன். வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவில் மட்டும் உயிரோடு இருந்தது.

நான் எருத்தேன்பதிக்காரன். இருவருக்கும் பாலக்காட்டில் ஒரே காலேஜ், ஹாஸ்டலில் ஒரே அறை. கால்பந்து ஜுரத்தில் முதல் நிலை ஸ்பானிஷுக்கு வகுப்பு நிரம்பி வழிந்தது. இலக்கணத்தைப் பார்த்ததும் ஜுரம் தெளிந்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். இடைநிலைக்கு மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

எர்ணாகுளத்திலிருந்து வரும் மிஸ் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கு கிளாஸ் எடுக்கான் பற்றில்லா, முடியாது. புஸ்தகம் தராம், நீங்களே படிக்கணும். கடைசியில வந்து எழுத்தும் பேச்சும் பார்ப்பேன்." போகிற போக்கில் ஒரு குண்டையும் போட்டார்: மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்த ஆள் கேட்கிறார்களாம். எங்களில் ஒருவன் பெயரைச் சொல்வாராம்.

அன்றே நான் வினைச்சொல் அட்டவணையைச் சுவரில் ஒட்டினேன். அந்த மொழியில் இறந்தகாலமே இரண்டு தினுசு. இரண்டையும் உருப்போட்டேன். பாய் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். விழித்திருந்த நேரமெல்லாம் பேசினான்.

மெஸ்ஸில் சமையல் சேட்டனிடம், "தோஸ் பொறோட்டா, போர் ஃபவோர்!" என்றான். தயவுசெய்து இரண்டு பரோட்டா என்று கேட்கிறானாம்.

சேட்டன் காதில் அது 'பவர்' என்று விழுந்தது. மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார். "பவர் போயில்லல்லோ மோனே?"

சில வாரம்தான். அதே சேட்டன் பாயின் தட்டில் கூடுதலாக ஒரு பரோட்டாவைப் போட்டு, "கிராசியாஸ்" என்று நன்றியும் சொன்னார். இலக்கணம் தெரிந்த எனக்கு ஆறிப்போன சாம்பார்தான்.

சீசனில் என்னை அவர்கள் மண்டிக்கு அழைத்துப் போனான். அங்கே லாரியில் பெட்டி ஏற்றுகிறவர்கள் "உனோ, தோஸ், த்ரேஸ்!" என்று ஸ்பானிஷில் எண்ணி, 'த்ரேஸ்' என்றதும் தூக்குகிறார்கள்! நானும் ஆசையாக "உனோ, தோஸ், த்ரேஸ்" என்றேன். ஒரு பெட்டியும் அசையவில்லை. "தம்பி என்னமோ கேக்குது, தண்ணி குடுங்கப்பா" என்றார் ஒருவர்.

அவன் அத்தா என்று கூப்பிடும் அவனுடைய அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, எங்கூட்டுப் பையன் பேசறது நெசமாலுமே ஒரு பாஷைங்களா?"

"பாதி பாஷைங்க" என்றேன். அந்தப் பாதியைக் குறைத்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

எல்லாவற்றையும்விட என்னை எரித்தது அவனுடைய 'ற'. ஸ்பானிஷில் 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். எனக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். பாய் 'ற' சொன்னால் பழைய ஆட்டோ ஸ்டார்ட் ஆவது போல நாக்கு படபடக்கும். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் யாருக்கும் தெரியாமல் 'ற'வைப் பழகினேன். பழகிப் பழகி, கடைசியில் நாக்குக்கு வேறு எதுவும் வராமல் போயிற்று.

பரீட்சை நாள். எழுத்துத் தேர்வை ஊதித் தள்ளினேன். பேச்சில் மிஸ் முதல் கேள்வியாக ஸ்பானிஷ் பிடிக்குமா என்றார். 'பிடிக்கும், ஆனால் கஷ்டம்' என்பதுதான் நான் தயாரித்த பதில். நாக்கு சுழன்றது: "மே குஸ்தா, பெற்ற்றோ எஸ் திஃபீசில்!"

அதாவது, 'பிடிக்கும், நாய் கஷ்டம்.'

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். அதிர்ச்சியில் மலையாளத்துக்கே இறங்கிவிட்டார். "ஏது பட்டியா மோனே?"

மலையாளத்தில் பட்டி என்றாலும் நாய்தான். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்து பாய். அவனுக்கு நிகழ்காலம் தவிர ஒரு காலமும் தெரியாது. நேற்று நடந்ததைச் சொல்லும்போது கையைத் தோளுக்குப் பின்னால் வீசினான். நாளை நடக்கப்போவதற்கு விரலை ஜன்னல் பக்கம் நீட்டினான். இப்படியே மாங்காய் லாரி ஒன்று சேற்றில் சிக்கிய கதையைச் சொல்லி முடித்தபோது மிஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மார்க் எனக்குக் கூடுதல். வேலை அவனுக்கு.

மூணாறு பஸ் ஏறும் நாளில் வழியனுப்பப் போனேன். பஸ் தவறிவிடாதா என்ற நப்பாசைதான். "மாப்ளே, கிடைக்க வேண்டியது உனக்குடா" என்று கட்டிக்கொண்டான். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று விறைப்பாக நின்றேன்.

இப்போது நான் கொழிஞ்சாம்பாறையில் டியூஷன் எடுக்கிறேன். அவன் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஸ்பெயின்காரர்களை மேய்க்கிறான். திடீர் திடீரென்று போன் வரும். "மாப்ளே, 'போனேன்'கறதுக்கு என்னடா? சீக்கிரம்! கெஸ்ட் முன்னாடி கையைப் பின்னால வீசிட்டு நிக்கிறேன்!"

"ஃபூயி" என்பேன். வைத்துவிடுவான்.

போன வாரம் ஒரு ஸ்பெயின்காரப் பெண்மணி அவனிடமிருந்து போனை வாங்கி ஸ்பானிஷில் கேட்டார். "அவருடைய ஆசிரியர் நீங்கள்தானா? மலையைக் காட்டச் சொன்னால் உங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் புத்தகம் முழுவதையும் படித்த ஒரே மனிதர் நீங்கள்தானாமே!"

இரண்டு தினுசு இறந்தகாலமும் தெரிந்த நான், மெஸ் சேட்டனைப் போல "கிராசியாஸ்" என்றேன். பின்னால் பாய் யாரிடமோ எதையோ அளந்துகொண்டிருப்பது கேட்டது. ஒரு கூட்டமே சிரித்தது.

பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது அது அவன் மேல் இல்லை. அந்தக் குளிரில் அவன் பக்கத்தில் நின்று, நாளெல்லாம் அவன் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்களே, அவர்கள் மேல்.