மிஸ் வெரோனா எலக்ட்ரிக்கல்ஸ்

ஒரே ஒரு ஊரிலே, கரண்ட் வருவதும் போவதுமாக இருந்த காலத்திலே, ஒரு புருஷன் இருந்தான். ஊர், ஜமைக்காவில் மாண்டவில். புருஷன், எவரால்ட் என்கிற நான்.

அந்தப் புருஷன் ஒருநாள் மகத்தான முடிவெடுத்தான். எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டு கனடா போவது! அதுவும் தனியாக! பெண்டாட்டி வெரோனாவின் அதட்டல் எட்டாத தேசத்தில் மத்தியானம் வரை தூங்குவது! நினைக்க நினைக்க உடம்பெல்லாம் சுருசுருவென்று கரண்ட் பாய்ந்தது. நிஜக் கரண்டும் பாய்ந்தது, பயிற்சிக்கூடத்தில், பலமுறை.

எப்படியோ சான்றிதழ் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அது மட்டும் போதாதாம். யாரிடமாவது இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த முதலாளி ‘ஆமாம், பார்த்தான்’ என்று சொல்ல வேண்டும். ஊர் முழுக்க அலைந்தேன். என்னை வேலைக்கு எடுக்க ஒருவருக்கும் தைரியம் இல்லை.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றாள் வெரோனா. "நான் கம்பெனி ஆரம்பிக்கிறேன். நீ எங்கிட்ட வேலை பாரு."

"உனக்கு வயரிங்கப் பத்தி என்ன தெரியும்?"

"உன்னப் பத்தித் தெரியும். வயரிங்கப் பாத்துப் பாத்துக் கத்துக்கிறேன்."

மறுநாளே கம்பெனியைப் பதிவு செய்துவிட்டாள். "இந்தா பாரு, வேலை நேரத்துல நான் உன் பொண்டாட்டி இல்ல. மிஸ் வெரோனான்னு கூப்பிடு."

எங்கள் ஊரில் பேரன் பேத்தி எடுத்த அம்மாவுக்கும் பெயருக்கு முன்னால் மிஸ் போடுவதுதான் மரியாதை. போட்டேன்.

இரண்டு வருஷம்! தகரக் கூரைக்கு அடியில் வெந்தேன்.

"மிஸ் வெரோனா, கொஞ்சம் உக்காரட்டுமா?"

"உக்காந்தா கை எப்படி எட்டும்?"

"மிஸ் வெரோனா, குளவி கொட்டுது!"

"வேலைய முடிச்சிட்டு வரேன்னு அதுங்கிட்ட சொல்லு."

கொட்டுப்பட்ட கையோடு பொறுத்துக்கொண்டேன். கனடா இருக்கிறதே!

வந்தது அந்த நாள். ஆள் எடுக்க ஹாலட் என்பவர் கனடாவிலிருந்தே வந்து ஓட்டலில் அறை போட்டிருந்தார். முதலாளியையும் அழைத்து வரச் சொல்லியிருந்ததால் வெரோனா என் சாப்பாட்டுத் தூக்கோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"உங்க முதலாளி எப்படி?" என்று கேட்டார் ஹாலட்.

முதலாளியை எவ்வளவு தூக்கி வைக்கிறேனோ அவ்வளவு எனக்கு மதிப்பு என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் என்றைக்குமே மட்டம்.

"மிஸ் வெரோனாவா? ஐயோ சார்! சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டாவி விட்டா இந்தப் பக்கத்துல இருந்து அதட்டுவாங்க! என்னை மாதிரி சோம்பேறி…" நாக்கைக் கடித்துக்கொண்டேன். "என்னை மாதிரி ஆளுங்க இருபது பேரக் குடுங்க சார், மேய்ச்சிடுவாங்க!"

ஹாலட் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எங்கிட்ட எலக்ட்ரீஷியனுங்க நிறைய இருக்காங்கப்பா. மேய்க்கத்தான் ஆளே இல்ல! அந்தம்மாவ உள்ள கூப்பிடு!"

வெரோனா வந்து உட்கார்ந்தாள்.

"பழைய வீட்டுல வேலைன்னா முதல்ல என்ன செய்வீங்க?"

"மெயின் சுவிட்ச அணைப்பேன் சார்."

"அப்புறம்?"

"எவரால்ட எழுப்புவேன். கரண்ட் இல்லன்னு அவன் சொன்னா நம்ப மாட்டேன். டெஸ்டர் வச்சு நானே பாப்பேன்."

ஹாலட் மேசையைத் தட்டினார். "அடுத்த மாசமே கிளம்ப முடியுமா?"

"சார்! அவ என் பொண்டாட்டி சார்!" என்று அலறினேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கனடா போகணும்னா என்னவெல்லாம் சொல்றீங்கப்பா! இவ்வளவு நேரம் நீயே மிஸ், மிஸ்ஸுன்னியே?"

வெரோனாவைப் பார்த்தேன். அவள் ஹாலட் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

வெளியே வந்ததும் வழியை மறித்தேன். "அப்போ நானு?"

"கம்பெனிய அம்போன்னு விட முடியுமா? அம்மாவ வரச் சொல்றேன். இனிமே அவகிட்ட வேலை பாரு."

"உங்கம்மாவா! முதலாளியா அவங்க எப்படி?"

வெரோனா தூக்கை என் கையில் திணித்தாள்.

"எனக்கே அவளக் கண்டா பயம்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.