அடிப்பலகையில அமர்ந்த வாத்தியார்

ஒரு காட்டுல ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்கூடம் இருந்துச்சு. காட்டுல எதுக்குன்னு கேக்காதீங்க, சிங்கராஜா ரிப்பன் வெட்ட ஆசைப்பட்டாரு. பட்டறையில ஒரேயொரு துளை போடுற மெஷின். அது ஒரு மூலையில, ப்ளக் பாயின்ட் எதிர்மூலையில. கனமான மெஷின், நகத்த நாதியில்ல. அதனால எல்லா மிருகமும் படத்தைப் பாத்தே துளை போடக் கத்துக்கிச்சு.

அங்க படிச்சவ நாகம்மா. ஜாதி கீரி. பேரு வெச்சவங்களை அவ இன்னும் தேடிக்கிட்டிருக்கா.

அன்னைக்கு அவளுக்குப் பரீட்சை. பொழுது சாயறதுக்குள்ள இரும்புப் பட்டையில நேரா ஒரு ஓட்டை போடணும். இல்லன்னா பெயில், இன்னொரு வருஷம் இதே கரடி வாத்தியார்கிட்ட குப்பை கொட்டணும். நெனச்சாலே வாலு சிலிர்த்துக்கிச்சு.

அகலமா ஒரு பலகை அறுத்தா. அடியில நாலு சக்கரம், ஒவ்வொண்ணுக்கும் காலால அமுக்குற லாக். கடப்பாரையால நெம்பி மெஷினை மேல ஏத்தி, போல்ட்டை முறுக்கினா. ஒரு தள்ளு, ஜம்முனு ப்ளக் பாயின்ட்டுகிட்ட போயிருச்சு. லாக்கை அமுக்கினா, நகரல. சுவிட்சைப் போட்டா மட்டும் கிடுகிடுன்னு ஆடுச்சு. மெஷினுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி.

"சார், அடிப்பலகையில கனம் வெக்கணும். நாலு மூட்டை மணல் குடுங்க."

"மணலா? மேலிடத்துல அனுமதி வாங்கணும்மா. என் நாற்காலிக்கு மெத்தை கேட்டதே இன்னும் வரல," என்ற கரடி, அப்பத்தான் குனிஞ்சு பாத்துச்சு. "அடடே, சக்கரம்! பூஜை போட்டாச்சா?"

"சார், இது மெஷின்!"

"சக்கரம் இருந்தா வண்டி. வண்டின்னா எலுமிச்சம்பழம் நசுக்கணும். வாத்தியாருக்கே பாடம் நடத்துறியா?"

மாலை, சந்தனம், குங்குமம். சக்கரத்துக்கு ஒண்ணா எலுமிச்சம்பழம். நாகம்மா பல்லைக் கடிச்சுக்கிட்டு லாக்கை எடுத்து ஒரே தள்ளு. பழம் தெறிச்சு, பரீட்சை பாக்க வந்த கொக்கு கண்ணுல சாறு. அவ மெஷினை இழுத்து மறுபடி லாக் பண்ணினதுதான் தாமதம், கரடி தொப்புன்னு அடிப்பலகையில உக்காந்துச்சு.

"முதல் சவாரி வாத்தியாருக்குத்தான். தள்ளும்மா!"

"பொழுது சாயுது," கொக்கு ஒத்தைக் கண்ணால மொறைச்சுச்சு. "ஓட்டை எங்க?"

"எறங்குங்க சார்!"

"சவாரி போகாம எறங்கினா ஆகாது."

நாகம்மாவுக்கு வந்துச்சே ஆத்திரம்! படார்னு சுவிட்சைத் தட்டினா.

மெஷின் ஆடல. ஒரு மயிரிழைகூட ஆடல.

அவ கரடியைப் பாத்தா. மெஷினைப் பாத்தா. திரும்பக் கரடியைப் பாத்தா. சட்டுனு பட்டையை வெச்சுத் துளைக்கிற கம்பியை எறக்கினா.

"ஐயோ, இரும்புத் தூளு சுருள் சுருளா தலையில விழுதும்மா!"

"அசையாதீங்க சார்! ஓட்டை கோணிக்கும்!"

கொக்கு பட்டையைத் தூக்கி ஓட்டை வழியா வெளிச்சம் பாத்துச்சு. "ஊசி மாதிரி நேரா இருக்கு. பாஸ்! அந்தக் கனம் எங்கம்மா வாங்கின?"

"பள்ளிக்கூடத்தோடயே வந்தது சார். இத்தனை நாளா வெச்ச எடம்தான் தப்பு."

மறுவாரம் மேலிடத்துல இருந்து மெத்தை வந்துச்சு. பசங்க அதை அடிப்பலகையில போட்டாங்க. கரடியும் சந்தோஷமா உக்காந்துக்கிச்சு.

நீதி: உதவாத கனத்தைத் தொரத்தணும்னு வீணா சண்டை போடாதீங்க. அடியில உக்கார வெச்சு, மெத்தையைப் போட்டு, சக்கரத்தை லாக் பண்ணிடுங்க.