வைன் விருந்தில் மாப்பிள்ளை பார்த்தது

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் ஷரிபுதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் என் மனைவி சபூறாவும், உங்கள் மனைவியாகிய என் தங்கை சித்தி லைலாவும், மகள் ஸில்மியாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். கட்டார் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராதிருக்க துஆச் செய்கிறோம். இதை வட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் உங்கள் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்டுச் சிரிப்பார்கள். அதனால்தான் நாளை கட்டாருக்கு விமானம் ஏறும் நம் ஊர்ச் சப்ரியின் கையில் கடிதமாகத் தருகிறேன்.

ஸில்மியாவுக்குப் பேசிவரும் சம்மாந்துறை மாப்பிள்ளை நிப்றாஸ் அறுகம்பை ஹோட்டலில் சமையல்காரன் என்றதும், "ஹோட்டல் என்டா குடிவகையும் இருக்குமே மச்சான், பொடியன் எப்பிடி என்டு நீங்களே போய்ப் பாத்துச் சொல்லுங்க, உங்கட சொல்லுத்தான் முடிவு" என்று பெரிய பாரத்தை என் தலையில் வைத்தீர்கள். நான் போன் போட்டால் அவன் கொஞ்சமும் தயங்காமல், "சனிக்கிழம வாங்க மாமா, வேல செய்யிற இடத்தையே பாருங்க" என்கிறான். பேச்சே முடியவில்லை, அதற்குள் மாமா! பொத்துவில் பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கினால், ஹோட்டல் வாசலில் ஆளுயரப் பலகை. அதில் தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டுகிற கொழும்புச் செஃப் லக்மாலின் படம். நம் வீட்டுப் பெண்கள் அடுப்பில் கறி தீய்வது தெரியாமல் பார்ப்பார்களே, அவரேதான். அன்றைக்கு அவர் கைச் சமையலில் விசேட விருந்தாம், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒவ்வொரு வைனாம். மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கப் போன என்னை, அவன் குடிக்கிறவர்களுக்கு நடுவிலேயே கதிரை போட்டு உட்கார வைத்துவிட்டான்.

எழும்பி ஓடத்தான் நினைத்தேன். உங்கள் மகளின் காரியம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இருக்கும்போதே எனக்கு முன்னால் நீட்டுக்கால் கிளாஸ் ஒன்றில் சிவப்பாக எதையோ ஊற்றுகிறான் நிப்றாஸ். "அஸ்தஃபிருல்லாஹ்! என்ன மனே இது?" என்று கத்திவிட்டேன். அவன் குனிந்து, "மாதுளம்பழச் சாறு மாமா. கிளாஸும் புதுசு. உங்கட சாப்பாட்டையும் வேற சட்டியில நானே ஆக்கினன், பயப்பிடாதீங்க" என்றான். மோந்து பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மாதுளையேதான். "நீ இந்தச் சாமான ருசி பாக்கிறல்லயா?" என்று கேட்டதற்கு, "அல்லா காவல்! வைன் ஊத்துற அடுப்புப் பக்கமே நான் போறல்ல. செஃப் சேருக்கும் தெரியும்" என்றான். சொல்வதற்கு என்ன, யாரும் சொல்வார்கள் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் வந்தது தட்டு. மச்சான், நம் கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் சஹன் அளவு தட்டு! நடுவில் ஒரேயொரு இறால், பக்கத்தில் பச்சையாக ஒரு தீற்றல், மேலே ஒரு பூவிதழ். இவ்வளவு பெரிய தட்டை ஒற்றை மனிதனுக்கு யாராவது வைப்பார்களா? சஹன் வந்துவிட்டது, சோறு பின்னால் வரும் என்று நினைத்தேன். சஹனில் ஆள் சேராமல் கை வைப்பது மரியாதை இல்லையே. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் புருஷன் பெண்சாதியையும், எதிரே இருந்த கொழும்புப் பெண்கள் மூவரையும் "கம், கம், சிட்" என்று கூப்பிட்டு, பிஸ்மி சொல்லி, அந்த இறாலை ஆறாகப் பிய்த்துக் கொடுத்தேன். அவர்கள் இதுதான் விருந்தின் முறை என்று எண்ணி, தங்கள் தட்டுகள் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டினார்கள். அதைப் பார்த்து அடுத்த மேசையும் கொட்டியது. கரண்டிகளை எறிந்துவிட்டுக் கையால் அள்ளத் தொடங்கினார்கள், ஒரே சிரிப்பு. அவர்கள் சாப்பாட்டில் வைன் இருக்குமே என்று நான் மட்டும் எனக்கு முன்னால் இருந்த என் இறால் துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் செஃப் வெளியே வந்தார். காலை முதல் அவர் இடுக்கியால் அடுக்கிய பூவிதழெல்லாம் பிசைந்து கிடக்கிறது. "இது யாருடைய வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார். என்னால் பொடியனின் வேலையும் போய் ஸில்மியாவின் கல்யாணமும் போகப்போகிறதே என்று பயந்தேன். நிப்றாஸ் என்னைத் தெரியாதவன் போல நின்றிருக்கலாம். அவன் நேரே முன்னால் வந்து சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "எங்கட மாமா, சேர். எங்கட ஊர்ல இப்பிடித்தான் ஒண்டாயிருந்து தின்னுற. பிழை என்டா என்னைய ஏசுங்க, அவர ஒண்டும் சொல்லாதீங்க."

மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. செஃப் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்துவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் கையால் அள்ளினார். "சோறு எங்கே?" என்று அவரே குசினிக்குள் ஆள் அனுப்பினார். மண்டபமே கை தட்டியது. அவர் தன் கிளாஸை உயர்த்தினார், நானும் சந்தோஷத்தில் என் மாதுளையை உயர்த்தினேன்.

ஆகவே என் முடிவு இதுதான்: தாராளமாகச் சம்மதம் சொல்லுங்கள். முதலாளிக்கு முன்னால் நம்மை மறைக்காதவன் அவன். நம் வீட்டோடு வந்து இருக்கப்போகிற மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் வீட்டில் இதைச் சொன்னபோது ஸில்மியா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்தாள். அவளுக்கும் பிடித்திருக்கிறது.

உங்கள் உழைப்பில் ரஹ்மானாகிய அல்லாஹ் பரக்கத்தைச் சொரிவானாக. அறைத் தோழர்கள் எல்லாருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனர்
மீராமுகைதீன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சபூறா போனைக் கொண்டுவந்து காட்டினாள். ஹோட்டல்காரர்கள் முகநூலில் படம் போட்டிருக்கிறார்கள். சுற்றிவர வைன் கிளாஸ்கள், நடுவில் தொப்பியோடு நான், கையில் சிவப்புக் கிளாஸ், வாயெல்லாம் பல். சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா ஆள் அனுப்பியிருக்கிறார்: "பொண்ணுட மாமா குடிக்கிறவராமே? நல்லா விசாரிச்சுப்போட்டுத்தான் முடிவு சொல்லுவம்." நிப்றாஸ் சத்தியம் செய்தும் அவர் நம்பவில்லையாம். ஆகையால் மச்சான், மாப்பிள்ளையைப் பற்றி நான் மேலே எழுதிய நற்சான்று ஒரு பக்கம் கிடக்கட்டும். என்னைப் பற்றி ஒன்று எழுதி உடனே அனுப்புங்கள்.